முந்தி வருபவள்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள் எங்கள் சந்துக்கு ஒரு மதியம் வந்து பார்க்க வேண்டும். தாய்னான் நகரத்தில் விடியும் முன்பே கடை திறக்கிறவர்கள் நாங்கள். பகல் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுத்துவிடுவோம். அந்த நேரத்தில் சந்தில் ஒரு ஸ்கூட்டர்கூட ஓடாது, நாய்கூடக் குரைக்காது. வெயில் மட்டும் வெறிக்க வெறிக்க அடிக்கும்.

அப்படி ஒரு மதியம்தான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் பெயர் லான். அண்ணன் குவானும் அவன் தங்கை நானும் சேர்ந்து பால்கெண்டை மீன் கஞ்சிக் கடை நடத்துகிறோம். உடம்பு சரியில்லை என்று அண்ணி அன்று கடைக்கு வரவில்லை.

குனிந்து உள்ளே நுழைந்தேன். அந்த வீட்டுக்கு அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். வாசலில் வெளிச்சம், நடுக்கூடத்தில் முன்னோர் மேடை, அதற்கு அப்பால் கடைசி அறை வரைக்கும் இருட்டு. ஊதுபத்தி வாசமும் ஈரச் சுவரின் வாசமும் கலந்து மூக்கில் ஏறின.

"அண்ணி."

கண் பழகியதும் தெரிந்தது. ஃபாங் அண்ணி மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள்ளிருந்து வயர்கள் இறங்கி இடுப்பில் கட்டிய ஒரு சின்னப் பெட்டிக்குப் போயின. நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் பெட்டி. டாக்டர் மாட்டி அனுப்பியிருந்தார். இரண்டு விரல்களைக் கழுத்தில் வைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, வெடிகுண்டைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? யாரைக் கொல்லப் போறீங்க?"

"சும்மா இரு லான். இப்ப வரும்."

"எது?"

என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். துடித்தது, துடித்தது, ஒழுங்காகத்தான் துடித்தது. பிறகு ஒன்று அவசரமாக, முறை வருவதற்குள் முண்டியடித்துக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்றுமேயில்லை. என் மூச்சும் சேர்ந்து நின்றுபோனது.

அப்புறம் ஒரே ஒரு பெரிய அடி, உள்ளேயிருந்து யாரோ கதவை உதைத்தது மாதிரி. நான் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

"பார்த்தியா?" என்றாள் அண்ணி. கண்ணை மூலையிலிருந்து எடுக்கவில்லை. அந்த மூலையில் ஒன்றும் இல்லை. தரை ஓட்டில் ஒரு சின்ன மேசையின் நான்கு கால் தடங்கள் மட்டும் இருந்தன.

அந்த மேசை சியா அண்ணியுடையது.

சியா அண்ணி என் அண்ணனுக்கு மூத்தாள். அவளுக்கும் இதயம்தான். ஒரு மதியம் அண்ணன் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் முழித்துப் பார்த்தபோது அவன் கை அவள் நெஞ்சின் மேல்தான் இருந்ததாம். அதற்குப் பிறகு கடையில் அவன் பேசுவதே குறைந்துபோனது. கொஞ்ச மாதங்கள் கழித்து சொந்தக்காரர்கள் பேசி ஃபாங்கைக் கட்டி வைத்தார்கள். வயதில் என்னைவிடச் சின்னவள், முறையில் அண்ணி. வாய்த்துடுக்கு, சிரித்த முகம். எனக்கு அவளைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. மூத்தவளைவிட இவளைத்தான் எனக்குப் பிடித்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் இளையாளாக வருகிறவள் மூத்தாளின் அம்மா வீட்டுக்குப் போய் அந்த அம்மாவுக்கு மகளாக வேண்டும். ஃபாங் போனாள், விழுந்து வணங்கினாள், "அம்மா" என்றாள். படத்திலிருந்த சியாவை "அக்கா" என்றாள். எல்லாம் முறையாகச் செய்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேடைக்குப் பக்கத்தில் சியாவுக்கென்று தனி மேசை. அதன்மேல் பெயர் எழுதிய காகிதப் பலகை, தனி ஊதுபத்திக் கிண்ணம். ஒவ்வொரு நாளும் முதல் கஞ்சிக் கிண்ணம், சியாவுக்குப் பிடிக்காத இஞ்சி இல்லாமல், அங்கே போக வேண்டும். அதற்கப்புறம்தான் உயிரோடு இருக்கிறவர்களுக்கு.

"செத்தவளுக்குச் சுடச்சுட. எனக்கு ஆறினது," என்று மீன் முள் எடுத்துக்கொண்டே முணுமுணுப்பாள்.

கிண்ணம்கூடப் பரவாயில்லை. அண்ணன் சாயங்காலம் வந்தால் நேராக அந்த மேசை முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான். கடையில் நடந்ததை எல்லாம் அந்தப் பலகையிடம் சொல்வான். இஞ்சி விலை, மழை, யார் கடன் சொல்லிப் போனார்கள், எல்லாம். புதுப் பெண்டாட்டி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கோ கேட்டால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். ஒருத்தனுக்கு இரண்டு பேர். எனக்கு ஒருத்தனுக்கும் வழியில்லை.

வருஷம் திரும்பினதும் அந்த மேசையை எடுக்கலாம். காகிதப் பலகையை எரித்து, அவள் கிண்ணத்துச் சாம்பலில் ஒரு சிட்டிகையை முன்னோர் கிண்ணத்தில் கலந்துவிட்டால் அவள் முன்னோரில் ஒருத்தி. தனி மேசை இல்லை, தனிக் கிண்ணம் இல்லை. ஆனால் அவள் சம்மதிக்க வேண்டும். பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். கேள்வியைச் சொல்லித் தரையில் போட்டால், ஒன்று தட்டையாகவும் ஒன்று உப்பலாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் உப்பிக்கொண்டு விழுந்தால் மறுப்பு.

வருஷம் திரும்பிய அன்று அண்ணனால் கட்டையைப் பிடிக்கவே முடியவில்லை, அப்படி அழுதான். பூசாரி ஃபாங்கிடம் கொடுத்தார். அவள் போட்டாள். கட்டைகள் உருண்டு மேடைக்கு அடியில் போய்விட்டன. எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. குனிந்து பாதி உடம்பை உள்ளே நுழைத்தவள், "சம்மதம்! அக்கா சம்மதிச்சிட்டாங்க!" என்று கத்தினாள். கட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். பூசாரி மணியை அடித்துவிட்டார். பலகையை எரித்தார்கள்.

அன்று மத்தியானம்தான் அவள் நெஞ்சு முதல் தடவை தாவியது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவளோடு நானும் இதய டாக்டரிடம் போனேன். துடிப்பைப் படித்துப் பார்க்கிற பெண் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு குழப்பம்.

"பெட்டியை நடுவுல வேற யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு பேரோடது கலந்த மாதிரி இருந்துச்சு. டாக்டர் சொல்வாங்க, உள்ள போங்க."

டாக்டர் நல்லவர், பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. நிறைய பேருக்கு வரும். துடிப்பு விட்டுப் போகல. இன்னொரு இடத்துலேர்ந்து ஒண்ணு முந்திக்கிட்டு வந்துடுது, அதனால உங்க துடிப்பு அதுக்கு வழி விட்டுட்டு நிக்குது. அப்புறம் சேர்த்து அடிக்குது. டீயைக் குறைங்க. நல்லாத் தூங்குங்க. வந்தா மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. சும்மா சும்மா கழுத்தைத் தொட்டுப் பார்க்காதீங்க, பார்க்கப் பார்க்க அதிகமாத் தெரியும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணி முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

திரும்பி வரும்போது கோயில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். வெயிலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"லான், கட்டை ரெண்டும் உப்பிக்கிட்டுத்தான் கிடந்துச்சு."

"என்னது?"

"மேடைக்கு அடியில. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான் ரெண்டையும் வாரி எடுத்துட்டேன்."

"அடிப்பாவி! இன்னொரு தடவை போட்டிருந்தா என்ன? மூணு தடவை கேட்கலாமே!"

"மூணு தடவையும் வேண்டாம்னு சொன்னா? நான் அந்த மேசைக்குக் காலம்பூராவும் ஆறின கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கணுமா?" அவள் கழுத்துக்கு விரல் போனது. "எடுக்க உள்ள கையை நீட்டினேன் பாரு, அப்ப என் கைக்கு முன்னாடி இன்னொரு கை கட்டை மேல இருந்துச்சு. ஜில்லுனு. நான் அதையும் தள்ளிட்டுத்தான் எடுத்தேன்."

"போய் மன்னிப்புக் கேளுங்க. மேசையைத் திரும்பப் போடுங்க."

"போடமாட்டேன்."

அவ்வளவுதான். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் சொன்னது, அக்கம்பக்கத்தில் சொன்னது எல்லாவற்றையும் செய்தாள். டீயை நிறுத்தினாள். துடிப்பு தாவும்போது இருமினாள், முகத்தில் ஐஸ் தண்ணீர் அடித்தாள், மூச்சை அடக்கி முக்கினாள். சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. நான் கவனித்தது ஒன்றுதான். கஞ்சியில் முதல் கரண்டியை வாயில் வைக்கப் போவாள், அதற்கு முன்னால் தாவும். புதுச் செருப்பில் காலை நுழைப்பாள், அதற்கு முன்னால் தாவும். அண்ணன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிடப் போகும்போதெல்லாம் வாயைத் திறந்தபடி நிற்பாள். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

எதற்கும் அந்த ஒன்று முந்திக்கொண்டது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அண்ணன் மாறினான். கடையிலிருந்து நேராக அவளிடம் வந்தான். "எப்படி இருக்கு?" என்று கேட்டான். மதியம் படுத்தால் உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கினான். ஃபாங் அண்ணி பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதயம் கெட்டாலும் புருஷன் சரியாயிட்டான்," என்று கடையில் எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொண்டாள். "கையை எடுக்கவே மாட்டேங்கறாரு லான். எனக்கு வேர்த்து ஊத்துது."

"ஆமா, ரொம்ப வருத்தம்தான்," என்றேன். பொறாமையில்தான் சொன்னேன்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஒரு மதியம் கதவைத் தட்டாமல் என் வீட்டுக்குள் வந்தாள். தலை கலைந்திருந்தது, காலில் செருப்பு இல்லை.

"அவர் என்னைத் தொடல லான்."

"என்ன உளறுறீங்க? இப்பதானே சொன்னீங்க, கையை எடுக்கறதே இல்லைன்னு."

"இன்னிக்கு நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். கையை வெச்சிட்டுக் காத்துக்கிட்டே இருந்தாரு. அது தாவுச்சு. உடனே காதுகிட்ட வந்து மெதுவா…" அவள் குரல் உடைந்தது. "'வந்துட்டியா சியா'ன்னாரு."

அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எழுந்து உலுக்கிக் கேட்டேன். அவளுக்கும் இப்படித்தான் தாவுமாம். ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு, எப்ப தாவும்னு கை வெச்சுப் பார்த்து விளையாடுவாங்களாம். அதே தாளமாம். என் நெஞ்சு, லான்! என் நெஞ்சைக் கதவு மாதிரி தட்டித் தட்டி அவளைக் கூப்பிடறாரு!"

ஊரில் எத்தனையோ சக்களத்திச் சண்டை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. பயம் துளியும் இல்லை, முழுக்க முழுக்க வயிற்றெரிச்சல்தான்.

அதற்குப் பிறகு துடிப்பு மோசமானது. ஒன்று தாவியது போய் நாலைந்து சேர்ந்தாற்போல் ஓடின. கடையில் அடுப்பு முன்னால் நின்றவள் அப்படியே சரிந்தாள். நான் பிடித்திராவிட்டால் கொதிக்கிற கஞ்சியில் விழுந்திருப்பாள். டாக்டரும் இந்த முறை சிரிக்கவில்லை. தொடையில் குழாய் நுழைத்து இதயம் வரை போய், அந்த முந்திக்கொள்ளும் துடிப்பு பிறக்கிற இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிடலாம், இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்.

"சுட்டுடுவீங்களா?" என்று ஃபாங் கேட்டாள். "முழுசாவா?"

"முழுசா."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து டாக்டரே கொஞ்சம் திகைத்துப்போனார். அண்ணன் அந்த அறையில்தான் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"வேற வழியே இல்லையா டாக்டர்? மாத்திரை ஏதாவது…" என்றான்.

ஃபாங் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சுட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவளை வெளியே கொண்டுவந்தபோது, அரை மயக்கத்தில், "ரெண்டாவது தடவையும் எரிச்சாச்சு," என்று முனகினாள். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு கிண்ணம் கஞ்சியை ஆவி பறக்க எடுத்துவைத்து, எல்லோருக்கும் முன்னால், மேடை முன்னால் நின்றே குடித்தாள். இஞ்சியை அள்ளிப் போட்டிருந்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தாவவில்லை. என் கையையும் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரே சீராக அடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது.

அண்ணன் மட்டும் அவள் நெஞ்சில் கை வைப்பதை விட்டுவிட்டான்.

சோகமாகத்தான் இருந்தான் சில நாள். சியாவின் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். பிறகு ஒரு காலை, கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியை அப்படியே நிறுத்தினான். முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. சியா அண்ணி செத்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"என்ன அண்ணா?"

"ஒண்ணுமில்ல லான்." இரண்டு விரல்களைக் கழுத்தில் வைத்தான். "ஒண்ணு தாவுச்சு."

அடுப்படியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ஃபாங் திரும்பினாள். கையிலிருந்த கிண்ணம் விழுந்து உடைந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றோம். மாட்டேன் என்றான். ஃபாங் கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்தாள். "எனக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்," என்று அமைதியாகச் சொன்னான். டீயை முன்னைவிட அதிகமாகக் குடித்தான், நல்ல கறுப்பாக. மதியம் எப்போது வரும் என்று காத்திருந்து படுக்கப் போனான். உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது. கன்னம் ஒட்டிப்போனது. சந்தோஷமாக இருந்தான்.

போன வாரம் ஃபாங் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனேன். அதே வெயில், அதே ஊதுபத்தி வாசம். மூலையில், அந்த நான்கு தடங்களின் மேலேயே, சின்ன மேசையைத் திரும்பப் போட்டிருந்தாள். காகிதத்தில் சியாவின் பெயர். ஆவி பறக்கும் முதல் கிண்ணம். இஞ்சி போடவில்லை.

"நீ சாட்சி லான்," என்று கிசுகிசுத்தாள். கூடத்துக்கு நட்டநடுவில், வெளிச்சம் விழுகிற இடத்தில் மண்டி போட்டாள். "இந்தத் தடவை அடியில எங்கயும் போகாது. நல்லாப் பாரு."

கட்டைகளை நெற்றிக்கு நேரே தூக்கினாள்.

"அக்கா. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். முதல் கிண்ணம் உனக்குத்தான். மேசை உனக்குத்தான். என் நெஞ்சுக்கே திரும்பி வந்துடு. எவ்வளவு வேணும்னாலும் தாவு. அவரை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே."

போட்டாள்.

இரண்டும் உப்பிக்கொண்டு விழுந்தன.

மறுபடி போட்டாள். இரண்டும் உப்பல்.

மூன்றாவது முறை ஒரு கட்டை விழுந்து படிந்தது, உப்பல். இன்னொன்று நுனியில் நின்று சுழன்றது, என் கால் பக்கமாகவே வந்தது. கால் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். ஃபாங் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் அசையவில்லை.

கட்டை மெதுவாகச் சாய்ந்தது.

உப்பல்.

அப்போது உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. ரகசியம் பேசுகிற குரல், சிரிப்போடு.

"இரு, இரு… கையை வெச்சிட்டேன். இப்ப வரும் பாரு."

திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அண்ணன் கட்டிலின் ஓரத்தில், சுவரோடு சுவராக ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தான். மீதிக் கட்டில் காலி. அவன் கை அவன் நெஞ்சில் இல்லை. பக்கத்தில், காலி மெத்தைக்கு ஒரு சாண் மேலே, எதன்மேலோ படிந்த மாதிரி நின்றது.

கை மெல்ல ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. அவசரமாக ஒரு தடவை.

நின்றது.

பிறகு ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டது. அண்ணன் கண்ணை மூடியபடியே சிரித்தான்.

நான் பின்வாங்கினேன். ஃபாங் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். இரண்டு விரல்களைக் கழுத்தில் வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"எனக்கு ஒழுங்கா அடிக்குது லான்," என்று சொல்லி அழுதாள்.